ஐம்பத்து மூன்றாம் வாசலும் அடுத்த வருடத்து எலியும்

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பருந்து என்று பெயர். கணக்கு வாத்தியார் என்பதற்காக வைத்த பெயர் அல்ல. தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றால் அவர் கண் வேலை செய்யும் லட்சணத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்தது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் நூற்றுப் பதினேழு பேரைப் பிடித்திருக்கிறார். ஒரு கழுத்து அரை அங்குலம் திரும்பினால் போதும், விடைத்தாள் அவர் கையில் இருக்கும். "நான் இல்ல சார்" என்று அழுத பிள்ளைகளில் ஒருவரையாவது அவர் நம்பியதாகச் சரித்திரம் இல்லை. அப்பா தூங்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பார் என்று அவருடைய மகளே வகுப்பில் சொல்லிவைத்திருந்தாள்.

இப்பேர்ப்பட்டவரை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பியது கல்வி அலுவலகத்தின் தப்பு. 'உங்கள் வீட்டு இணையத்துக்குக் காவல் உண்டா?' என்பது பயிற்சியின் தலைப்பு. திருடர்கள் கம்பி வழியாக எப்படி வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டி, மதியம் தூங்கவிட்டு, சாயங்காலம் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாளே பருந்து, வீட்டு இணையத்துக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டி ஒன்றை, உள்ளங்கை அகலத்தில், வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பெட்டியைப் பார்த்ததும் மனைவி உஷாரானாள். ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. காலை ஒன்பது மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால் மாலை ஐந்துக்குத்தான் கழற்றுவாள்.

"மாசக் கடைசி வரைக்கும் அந்த ஒயர் பக்கமே போகாதீங்க. வேலை தலைக்கு மேல கெடக்கு. தொட்டீங்க, அப்புறம் நடக்கறதே வேற" என்றாள்.

"நான் ஏன் தொடப் போறேன்?" என்றார் பருந்து.

அடுத்த நாள் காலை அவள் குளிக்கப் போன இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டார். பெட்டியைப் புத்தக அலமாரியின் உச்சியில் வைத்து மேலே ஒரு பழைய செய்தித்தாளைப் போர்த்தினார். அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஒன்றும் குடி முழுகிப் போயிருக்காது. ஆனால் பெட்டிக்குள் ஒரு பதிவேடு இருந்தது. வீட்டிலிருந்து யார், எத்தனை மணிக்கு, எந்த எண்ணுள்ள வாசல் வழியாக வெளியே போனார்கள் என்று அது வரிவரியாகக் காட்டியது. பதிவேடு என்றால் பருந்துக்குப் பசி தூக்கம் தெரியாது.

ஐம்பத்து மூன்றாம் எண் வாசலில் பெரிய அக்கிரமம் நடந்துகொண்டிருந்தது. நிமிடத்துக்கு நாற்பது தடவை இந்த வீட்டிலிருந்து யாரோ வெளியே தலையை நீட்டிக் கேள்வி கேட்டார்கள். வெளியிலிருந்து யாரோ பதில் சொன்னார்கள். கேள்வி, பதில், கேள்வி, பதில். பருந்துக்கு ரத்தம் சூடேறியது. தன் கூரையின் கீழேயே பார்த்து எழுதுகிறார்கள்! ஒரு கணம்கூட யோசிக்காமல் ஐம்பத்து மூன்றாம் வாசலை இழுத்து மூடினார்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் ஒரு தளத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். ஆனால் இயந்திரங்களுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். இந்தப் பெயருக்கு என்ன எண் என்று கேட்டால் சொல்வதற்கு வெளியே ஒரு விசாரணைக் கவுண்டர் இருக்கிறது. அதற்கு டி.என்.எஸ் என்று பெயர். அந்தக் கவுண்டருக்குப் போகிற வழிதான் ஐம்பத்து மூன்றாம் வாசல். அதை மூடினால் வீட்டில் உள்ள எந்தக் கருவிக்கும் எங்கே போவது என்று தெரியாது.

கெட்ட நேரம், மூடிய உடனே ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே கேட்டு வைத்திருந்த எண்களைக் கருவிகள் சில மணி நேரம் ஞாபகத்தில் வைத்திருந்தன. மனைவி வழக்கம்போலத் தட்டிக்கொண்டிருந்தாள். பருந்து மீசையைத் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். ஞாபகமெல்லாம் தீர்ந்து, மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டில் இணையம் செத்தது. காலையில் செய்த காரியத்துக்கும் மூன்று மணிச் சாவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதை மட்டும் அவர் சார்பில் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் கிடையாது.

மனைவி, இணையம் தரும் இணைப்பு வாரியத்துக்கு ஃபோன் செய்தாள். 'உங்கள் குறையே எங்கள் நிறை' என்று ஒரு குரல் பாடியது. குறைகளை இணையம் வழியாகத் தெரிவித்தால் இன்னும் விரைவாகத் தீர்க்கப்படும் என்று யோசனையும் சொன்னது. நாற்பது நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்ட பிறகு ஒரு புகார் எண் கொடுத்தார்கள். பதினான்கு இலக்கம். அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் அவள் மாடிப்படி வளைவில், எதிர்வீட்டுக்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு, கணினியை மடியில் வைத்து வேலை பார்த்தாள். முதுகு பிடித்துக்கொண்டது.

மறுநாள் சனிக்கிழமை, பருந்துக்குப் பள்ளி விடுமுறை. மதியம் வாரியத்திலிருந்து ஆள் வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான ஏணியைத் தோளில் சுமந்து இரண்டு தெரு நடந்து வந்திருந்தார். அந்தப் பேட்டையில் எல்லாரும் அவரை ஏணிக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஏணி பிடிக்க வாரியத்தில் முன்பெல்லாம் இன்னொரு ஆள் வருவாராம். அந்த வேலையைச் சிக்கனத்துக்காக எடுத்துவிட்டார்களாம்.

"கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா சார்? தரை வழுக்குது" என்றார்.

பருந்து ஏணியின் காலைப் பிடித்தார். உச்சி வெயிலில் அந்த மனிதர் கம்பத்தில் மூன்று தடவை ஏறி இறங்கினார். கையிலிருந்த சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து மனைவியின் கணினியில் எதையோ தட்டினார்.

"லைன் சுத்தமா இருக்கு அக்கா. நம்பரைப் போட்டா போகுது, பேரைப் போட்டாப் போகல. வீட்டுக்குள்ளயே யாரோ வழிய மறிக்கிற மாதிரி இருக்கு." அவர் பருந்தின் பக்கம் திரும்பினார். "புதுசா எதாவது மாட்டினீங்களா சார்?"

மனைவி பக்கத்திலேயே நின்றாள். பருந்தின் கண் ஒரு கணம் அலமாரி உச்சிக்குப் போய்த் திரும்பியது. தேர்வு அறையில் எத்தனையோ பேரிடம் அவர் பிடித்திருக்கிற அதே அரை அங்குலம்.

"இல்லையே. நான் எதையும் தொடவே இல்லை" என்றார்.

ஏணிக்காரர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு 'லைனில் பழுது இல்லை' என்று படிவத்தில் எழுதினார். ஒரு துண்டுத் தாளில் தன் ஃபோன் எண்ணை எழுதிப் பருந்தின் கையில் கொடுத்தார். "எதுவா இருந்தாலும் கூப்பிடுங்க சார். எப்ப வேணா" என்று சொல்லி ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார். 'வீட்டுக்குள்ளயே யாரோ வழிய மறிக்கிற மாதிரி இருக்கு' என்ற வார்த்தை பருந்தின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மனைவி சமையலறைக்குப் போன சமயம் பார்த்து ஐம்பத்து மூன்றாம் வாசலைத் திறந்துவிட்டார். கணினி உயிர் பெற்றது. மகளின் ஃபோன் டிங் டிங்கென்று ஒரு டஜன் தடவை அடித்தது.

"வந்துடுச்சுங்க!" மனைவி ஓடி வந்தாள். "எப்படி?"

"அவங்க ஆபீஸ்லேருந்து எதாவது பண்ணியிருப்பாங்க."

"அப்ப அந்த ஆள் எதுக்குப் பழுதே இல்லைன்னு எழுதிட்டுப் போனார்? நம்மளையே சந்தேகப்பட்டுக் கேள்வி வேற. ரெண்டு நாள் படிக்கட்டுல உக்காந்து எனக்கு முதுகே போச்சு. சும்மா விடக் கூடாதுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, ஒரு புகார் எழுதுங்க."

அந்த நேரத்தில் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நாலு நாள் வீட்டில் பேச்சு இருந்திருக்காது, அவ்வளவுதான். ஆனால் இருபத்திரண்டு வருடம் பிறரைப் பிடித்தவருக்குத் தான் பிடிபடுவது எப்படி என்று தெரியவில்லை. எழுத உட்கார்ந்தார். பதினான்கு வரி. 'ஊழியர் வந்து பார்த்தார். பழுது இல்லை என்று எழுதிச் சென்றார். அவர் சென்ற பின்னரே இணைப்பு திரும்பியது.' ஒரு வரிகூடப் பொய் இல்லை. மனைவி படித்துப் பார்த்து, நறுக்கென்று இருக்கிறது என்று பாராட்டினாள்.

ஏணிக்காரரின் எண் எழுதிய தாளைத் தேர்வு அட்டவணைப் புத்தகத்தில் செருகிவைத்தார். தினமும் எடுத்துப் பார்த்தார். தினமும் செருகினார்.

ஐந்தாம் நாள் வாரியத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மகிழ்ச்சி அலுவலர், ஒருவர் புகைப்படக்காரர், இன்னொருவர் கண்ணாடிச் சட்டம் போட்ட மன்னிப்புக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர். கடிதத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பருந்து சிரிக்கவில்லை என்று இரண்டாவது படம் எடுத்தார்கள்.

"இது எங்களுக்கு ஒரு சின்னத் திருவிழா மாதிரி சார்" என்றார் மகிழ்ச்சி அலுவலர். "போன வருஷம் பூரா எங்க வாரியத்துல வாடிக்கையாளர் செஞ்ச தப்பு ஒண்ணுகூட இல்ல. பூஜ்யம். எப்படி முடிஞ்சுதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. ரொம்ப சிம்பிள். படிவத்துலேருந்து அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம்."

"அப்ப ஒரு பழுதுக்கு என்னதான் காரணம் எழுதுவீங்க?" என்றார் பருந்து.

"நாலே காரணம். மழை, மரம், எலி, ஊழியர். உங்க கேஸ்ல மழை பெய்யல. மரம்னு போடணும்னா வனத்துறை சான்று வேணும், அதுக்கு முதல்ல மரம் வேணும். எலி போட்டிருக்கலாம். ஆனா ஒரு வட்டத்துக்கு வருஷத்துக்குப் பன்னெண்டு எலிதான் ஒதுக்கீடு. ஏழாம் மாசமே எலி தீந்து போச்சு. மிச்சம் ஊழியர்." அவர் முகம் மலர்ந்தது. "ஊழியருக்கு மட்டும் வரம்பே இல்ல சார்."

"யாரு, அந்த ஏணிக்காரரா?"

"அவரேதான். கவலைப்படாதீங்க, சஸ்பெண்ட் பண்ணியாச்சு. பதினோரு வருஷமா தற்காலிகமா இருக்கற ஆளு. இந்த மாசம் நிரந்தரப் பட்டியல்ல பேர் வரவேண்டியது. விசாரணை இருந்தா வராது. பட்டியல்ல வராதவங்களை வருஷக் கடைசியில வீட்டுக்கு அனுப்பிடுவோம். உங்களுக்குத் திருப்திதானே?"

மனைவி கையைப் பிசைந்தாள். "ஐயோ, வேலையே போற அளவுக்கா? நான் அதுக்குச் சொல்லலையே" என்றாள். அவள் முகம் வாடியதைப் பார்க்கப் பருந்துக்குச் சகிக்கவில்லை. செய்யாத பாவத்துக்கு அவள் வருந்துகிறாள். செய்தவர் கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனார். சட்டைப் பையில் ஒப்புதல் கடிதம் இருந்தது. இந்தக் கடிதத்திலும் ஒரு வரி பொய் இல்லை. இதை எழுத ஒரு முழு இரவு பிடித்திருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

உள்ளே இரண்டு வரிசை. இடப்பக்கம் புகார், வலப்பக்கம் பாராட்டு. பருந்து நடுவில் நின்றார். மூக்குக் கண்ணாடி போட்ட பெண் குமாஸ்தா அவரைக் கூப்பிட்டாள்.

"எந்தப் பக்கம் சார்?"

"ஒரு தப்பை ஒத்துக்கணும்மா. நான் செஞ்ச தப்பு."

"அப்ப புகார்தான். யார் மேல?"

"என் மேலதான்."

அவள் மறுக்கவில்லை. பொறுமையாகப் படிவத்தை எடுத்தாள். "உங்க ஊழியர் எண் சொல்லுங்க."

"நான் ஊழியர் இல்லையே."

"ஊழியரா இல்லாதவங்க மேல எங்களால நடவடிக்கை எடுக்க முடியாதுங்க" என்று சொல்லி, "இதனால் உங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வாரியம் வருந்துகிறது" என்ற முத்திரையைக் கடிதத்தின் மேலேயே குத்தினாள்.

"நான் குடுத்த புகாரையாவது வாபஸ் வாங்கிக்கலாமா?"

"வாங்கலாமே. இணைப்பு பழுதா இருக்கும்போது, அதே இணைப்பு வழியா விண்ணப்பிக்கணும்."

பருந்து கணக்கு வாத்தியார். அந்தச் சமன்பாட்டை இரண்டு தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவரை ஆறுதல் அறைக்கு அழைத்துப் போனார்கள். மெத்தென்ற நாற்காலி, மூலையில் பிளாஸ்டிக் செடி, மெல்லிய குரலில் பேசும் ஓர் அம்மாள். புகார் கொடுத்த பிறகு இரக்கப்படும் வாடிக்கையாளர்களுக்காகவே அந்த அறையாம்.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க. நான் சொல்றதை மூணு தடவை சொல்லுங்க. தவறு என்னுடையது அல்ல, வாரியத்தினுடையது."

"ஆனா தப்பு என்னோடதுதான்மா."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க."

மூன்று தடவை சொன்னால்தான் வருகைச் சீட்டில் கையெழுத்து விழும், கையெழுத்து இருந்தால்தான் வாசல் காவலாளி வெளியே விடுவார். பருந்து சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது உடம்புக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். 'நான் இல்ல சார்' என்று சொன்ன நூற்றுப் பதினேழு முகங்களில் எத்தனை முகம் நிஜம் சொல்லியிருக்கும் என்று முதல் தடவையாக எண்ணிப் பார்த்தார்.

விசாரணைக்கு அவரைச் சாட்சியாக அழைப்பார்கள் என்று எதிர்பார்த்தார். சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். விசாரணைத் தலைவருக்குப் பக்கத்தில் கைவைத்த நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். எதிரே முக்காலியில் ஏணிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஏணி, தடயம் எண் ஒன்று என்று அட்டை கட்டப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. அதைக் கொண்டுவர வேறு ஆள் இல்லாததால் அவரையே சுமந்துவரச் சொன்னார்களாம். சட்டை தோளில் நனைந்திருந்தது.

பருந்து எழுந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி வாங்கியது, ஒளித்தது, ஐம்பத்து மூன்றாம் வாசல், டி.என்.எஸ், அலமாரி உச்சிக்குப் போன கண், தொடவே இல்லை என்ற பொய், பதினான்கு வரி. பெட்டியையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "இவர் எழுதினதுதான் நிஜம். லைன்ல பழுது இல்லை. பழுது நான்தான்" என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாடிக்கையாளரோட பெருந்தன்மையைப் பாத்து எனக்குக் கண்ணு கலங்குது" என்றார். "நானும் முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தரைப் பாத்ததில்லை. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும் சார். உண்மை வேற, காரணம் வேற. உண்மையை நீங்க சொல்லிட்டீங்க, கேட்டுக்கிட்டோம், ரொம்ப சந்தோஷம். காரணத்தைப் படிவத்துல இருக்கற நாலுலேருந்துதான் எடுக்க முடியும். தப்பு யார் மேலன்னு தெரிஞ்சுபோச்சுங்கறதுக்காக விசாரணையை நிறுத்திட முடியுமா? அப்படி நிறுத்த ஆரம்பிச்சா வாரியம் என்னத்துக்கு?"

மேசையைச் சுற்றி எல்லாரும் தலையாட்டினார்கள். ஏணிக்காரரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். "இல்லைங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதும் அவர் பருந்தைப் பார்க்கவில்லை.

வழி கண்டுபிடித்தவள் மூக்குக் கண்ணாடிக் குமாஸ்தாதான். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு, "அடுத்த வருஷ ஒதுக்கீட்டுலேருந்து ஒரு எலியை முன்பணமா எடுக்கலாங்க. விதியில இடம் இருக்கு. ஆனா வாடிக்கையாளர் சான்று வேணும்" என்றாள்.

தலைவர் யோசித்தார். அடுத்த வருடத்தில் ஓர் எலி குறையும் என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் தாள் பருந்தின் முன்னால் வந்தது. 'எனது இல்லத்தில் எலி இருப்பதையும், மேற்படி பழுதுக்கு அதுவே காரணம் என்பதையும் மனமார உறுதி செய்கிறேன்.' ஒரு பிள்ளை தேதியை மாற்றி எழுதினால்கூட விடாத மனிதர் அதில் கையெழுத்துப் போட்டார்.

சஸ்பென்ஷன் நீங்கியது. வாசலில், ஏணிக்காரர் அட்டையைக் கழற்றி ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பருந்து அவரிடம் போய், "பட்டியல்ல பேர் வந்துடும்தானே?" என்று கேட்டார்.

"பட்டியல் போன வெள்ளிக்கிழமையே போட்டாச்சு சார். விசாரணை நிலுவைன்னு என் பேரை அடிச்சுட்டாங்க. அடுத்தது மூணு வருஷம் கழிச்சு." அவர் ஏணியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதே ஏணிக்காரர் பருந்தின் வீட்டு மணியை அடித்தார். ஒரு கையில் ஏணி, மறு கையில் எலிப்பொறி. எலி வழக்கு என்றால் பொறி வைத்தாக வேண்டும்.

"நம்ம வீட்ல எலியா?" மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. பருந்து இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஊர் முன்னால் சொல்ல முடிந்தது, இவள் முன்னால் முடியவில்லை. மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

ஏணிக்காரர் படிவத்தை விரித்தார். முதல் கேள்வியை, அன்று கேட்ட அதே வார்த்தையில் கேட்டார். "புதுசா எதாவது மாட்டினீங்களா சார்?"

"மாட்டினேன்" என்றார் பருந்து. மனைவியைப் பார்த்துச் சொன்னார். "நீ தொடாதேன்னு சொன்ன மறுநாளே மாட்டினேன். வழிய மூடினது நான்தான். அவர் கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன். நீ ரெண்டு நாள் படிக்கட்டுல உக்காந்தது என்னாலதான். இவருக்கு வேலை நிரந்தரம் ஆகாம போனதும் என்னாலதான். எலி கிலி ஒண்ணும் இல்ல."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"தெரியும் சார்" என்றார் ஏணிக்காரர்.

"எப்பலேருந்து?"

"அன்னிக்கே. பேப்பருக்கு அடியில பச்சை லைட்டு மினுக்கிச்சு."

"பின்ன ஏன் அப்பவே சொல்லல?"

"அக்கா பக்கத்துல நின்னாங்க. பொண்டாட்டி முன்னாடி ஒருத்தரைப் பொய் சொல்றார்னு எப்படிச் சொல்றது?" அவர் எலிப்பொறியின் கம்பியை இழுத்துப் பார்த்தார். "நான் போனப்புறம் நீங்களே திறந்துடுவீங்க, திறந்துட்டு ஒரு ஃபோன் அடிப்பீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் நம்பர் எழுதிக் குடுத்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எப்படியாவது நானே ஒப்பேத்தியிருப்பேன். மூணு நாள் ஃபோனைக் கையிலயே வச்சிருந்தேன் சார். சாப்பிடும்போதுகூடப் பக்கத்துல வச்சிருந்தேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் பருந்துக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அட்டவணைப் புத்தகத்துக்குள் இருந்த துண்டுத் தாள் நினைவுக்கு வந்தது. கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. மகள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"உக்காருங்க அண்ணே, முதல்ல தண்ணி குடிங்க" என்றாள் மனைவி, ஏணிக்காரரிடம். கணவன் பக்கம் திரும்பவில்லை. "இனிமே என்ன ஆகும் உங்களுக்கு?"

"பட்டியல்ல இல்லாதவங்களை வருஷக் கடைசியில அனுப்பிடுவாங்க. வழக்கமா." ஏணிக்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். "ஆனா இதுல ஒரு விதி இருக்கு அக்கா. நிலுவையில இருக்கற எலி வழக்கைப் பாக்குற ஊழியரை, எலி பிடிபடற வரைக்கும் வேலையை விட்டு நீக்கக் கூடாது. அந்தக் கண்ணாடிக்கார அம்மாதான் காட்டினாங்க. மாசாமாசம் நான் வந்து பாக்கணும். பிடிபட்டுச்சா இல்லையான்னு வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும்."

மனைவி பேனாவை எடுத்துக் கணவன் கையில் வைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எழுதுங்க. எலி இன்னும் பிடிபடவில்லை."

பருந்து எழுதினார்.

"மூணு வருஷத்துக்குப் பிடிபடக் கூடாது அந்த எலி" என்றாள். "புரிஞ்சுதா?"

புரிந்தது. அதிலிருந்து மாதாமாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஏணிக்காரர் வருகிறார். விதிப்படி கம்பத்தில் ஒரு தடவை ஏறி இறங்குகிறார். வெயிலோ மழையோ, பருந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் இப்போதெல்லாம் ஒரு பிள்ளை "நான் இல்ல சார்" என்று சொன்னால், விடைத்தாளின் மேல் கையை வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்குகிறாராம். பருந்துக்குக் கண் மங்கிவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். வீட்டில் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள், கறிகாய் வாங்குவது பற்றி மட்டும். எலி எப்படி இருக்கிறது என்று மகள் அவ்வப்போது விசாரிக்கிறாள்.

ஏணிக்காரர் இறங்கி வந்ததும் படிவத்தை நீட்டுகிறார். முதல் கேள்வியை விடாமல் கேட்கிறார். பருந்து உண்மையான பதிலைச் சொல்லிவிட்டுக் கீழே பொய்யில் கையெழுத்துப் போடுகிறார். சாட்சி என்ற இடத்தில் மனைவி போடுகிறாள். முப்பத்தாறு கையெழுத்தில் ஏழு முடிந்திருக்கிறது.